கணினி காரணமின்றி நிற்பதில்லை

தோட்டப்புறங்களில் கணினி இன்று அரிய பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் வீடு தேடி வந்தபோது, வீட்டுக்கு ஒரு கணினியாவது வேண்டும் என்ற நிலை பிறந்தது. சிலர் சேமிப்பை எடுத்துப் புதிய கணினி வாங்கினர். வேறு சிலர் பிறர் பயன்படுத்திய கணினியைக் குறைந்த விலைக்கு வாங்கினர். பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய அப்பொருள் நெடுநாள் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

இக்கணினிகளைப் பற்றி அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று நின்றுவிடுகிறது; அல்லது திரை நீல நிறமாகிறது; அல்லது எழுதிக்கொண்டிருந்த பாடம் கண்ணெதிரே மறைந்துவிடுகிறது. மறுபடியும் முடுக்கினால் ஒன்றும் நடவாதது போல் ஓடுகிறது. கடைக்குக் கொண்டுசென்றால் அங்கே ஒழுங்காக ஓடி நம்மைப் பொய்யராக்குகிறது. பணங்கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதித்து வந்தாலும், ஒரு வாரத்தில் பழைய கதையே. "ராசியில்லாத பெட்டி" என்று அதை மூலையில் வைத்துவிடுவோரும் உளர்.

கணினிக்கு ராசி கிடையாது. காரணமின்றி அது நிற்பதும் இல்லை. அக்காரணத்தை முறையாகத் தேடும் வழியை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. பொறுமையும், ஒரு குறிப்பேடும், ஒழுங்கான சிந்தனையுமே வேண்டும்.

குற்றம் எதனுடையது?

கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய கணினிப் பாகங்களை வன்பொருள் என்கிறோம். அப்பாகங்கள் செய்ய வேண்டிய வேலையை வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுதி செயல்நிரல், அதாவது புரோகிராம். இவ்விரண்டில் எதில் பழுது இருந்தாலும் வேலை நின்றுபோகும். ஆகவே நமது முதற் கேள்வி, குற்றம் நிரலினுடையதா, எந்திரத்தினுடையதா என்பதேயாகும்.

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரே நிரல், ஒரே வேலையைச் செய்யும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் அந்நிரலே பழுதானது. அதை நீக்கி மீண்டும் பதித்தாலோ, புதிய பதிப்பை ஏற்றினாலோ சரியாகக்கூடும். இன்று எழுதும் நிரல், நாளை படம் காட்டும் நிரல், மறுநாள் ஒன்றுமே செய்யாமல் இருக்கையில் முழுக் கணினி என்று மாறி மாறி நின்றால், எந்திரத்தின்மீது ஐயங்கொள்ள வேண்டும். தொடர்பில்லாத பல நிரல்கள் ஒரே காலத்தில் கெட்டுப்போவது அரிது. அவை யாவும் ஒரே எந்திரத்தின்மேல் ஓடுகின்றன என்பதே அவற்றுக்குள்ள பொதுத் தொடர்பு.

இதை உறுதி செய்ய மற்றொரு சோதனையும் உண்டு. ‘லினக்ஸ்’ என்னும் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை முடுக்கலாம். அப்பொழுது கணினியிலுள்ள ‘விண்டோஸ்’ வேலை செய்வதில்லை. அந்நிலையிலும் கணினி நின்றுபோனால் விண்டோஸைக் குறை கூற இடமில்லை, எந்திரத்தில்தான் பழுது. சில மணி நேரம் நிற்காமல் ஓடினால் விண்டோஸையோ அது பதிந்துள்ள வட்டையோ ஆராய வேண்டும். இவ்வேலையை உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் எளிதில் செய்துவிடுவர்.

முதலில் காப்பாற்றுக, பின்னர் ஆராய்க

பழுதைத் தேடும் முன்னர்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் படங்கள், பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றை வேறொரு பென்டிரைவிலோ வெளிவட்டிலோ உடனே படியெடுத்து வைக்க வேண்டும். கணினியை மறுபடியும் வாங்கலாம். மறைந்த பெற்றோரின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"ஒரு முறைதானே நின்றது, பார்த்துக்கொள்வோம்" என்று இருப்பதும் தவறு. மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் கணினிகளை ஆராய்ந்து, 2011ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். எட்டு மாத காலத்தில் மொத்தம் 30 நாளேனும் உழைத்த கணினிகளுள், 190க்கு ஒன்று மூளைப் பகுதியின் பழுதால் நின்றுபோயிற்று. ஆனால் அவ்வாறு ஒரு முறை நின்ற கணினிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இரண்டாம் முறையும் நின்றது. அதாவது வன்பொருட் பழுது ஒரு முறை தலைகாட்டினால், திரும்பவும் வரும் வாய்ப்பு மிகுதி. முதல் முடக்கமே நமக்கு எச்சரிக்கை.

குறிப்பேடே கைவிளக்கு

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்னும் பெருங்கணினி பழுதாயிற்று. அதை இயக்கியவர்கள் பகுதி பகுதியாகத் தேடினர். 70ஆம் எண்ணுள்ள மின்விசையில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அப்பூச்சியை எடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அறைபோன்ற பெருங்கணினியைப் பூச்சி ஒன்று நிறுத்தக்கூடும் என்பது இதிலுள்ள ஒரு பாடம். பழுதைத் தேடுவோர் ஏடு வைத்து எழுதினர் என்பது அதனினும் பெரிய பாடம்.

தோட்ட மருத்துவமனையில் காய்ச்சலென்று போனால், டிரெசர் உடனே மருந்து கொடுப்பதில்லை. எப்பொழுது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, நாள் விட்டு நாள் வருகிறதா என்று கேட்கிறார். காய்ச்சல் வரும் முறையே நோயைக் காட்டிக்கொடுக்கும். கணினியும் அப்படியே. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவையாவன: நாளும் நேரமும், முடுக்கி எவ்வளவு நேரத்திற்குப் பின் நின்றது, அப்பொழுது என்ன வேலை நடந்தது, திரையில் தோன்றிய சொற்கள், வீட்டில் அப்பொழுது வேறு எந்த மின்கருவி இயங்கியது. திரையைக் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நலம்.

விண்டோஸ் கணினியில் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்னும் பகுதி இருக்கிறது. எந்த நாளில் எது நின்றது என்பதை அதுவே சிவப்புக் குறியிட்டுக் காட்டும். நம் ஏட்டையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டொரு வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும்.

வெப்பமும் தூசியும்

முடுக்கி அரைமணி நேரம் சென்றபின் நிற்கிறது. உடனே மறுபடி முடுக்கினால் முன்னிலும் விரைவாக நிற்கிறது. காலையில் ஓடுவது தகரக் கூரை காயும் பிற்பகலில் ஓடுவதில்லை. ஏடு இவ்வாறு காட்டினால் வெப்பமே முதற் குற்றவாளி.

கணினியின் மூளை வேலை செய்யும்போது சூடாகிறது. அச்சூட்டைச் சிறு விசிறி ஒன்று வெளியேற்றுகிறது. தூசி, எறும்புக்கூடு, பல்லி முட்டை ஆகியவை காற்றுவழியை அடைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மூளைகள் பல 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடேறினால் தம்மைக் காத்துக்கொள்ள முற்றாக அணைந்துவிடும்.

கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றிய பின்னர், காற்றுத் துளைகளை மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். வாயால் ஊதுதல் கூடாது. எச்சிலின் ஈரம் உள்ளே படியும். மடிக்கணினியை மெத்தைமீதோ தலையணைமீதோ வைத்தால் அடியிலுள்ள துளைகள் அடைபடும். பலகைமீது வைப்பதே முறை. இவ்வளவு செய்த பிறகு நிற்பது குறைந்தால் காரணம் அறிந்தாயிற்று. ஒரு காசும் செலவில்லை.

மின்சாரம்

குளிர்ப்பெட்டி இயங்கத் தொடங்கும்போதோ, மின்னடுப்பை முடுக்கும்போதோ கணினி நிற்குமானால், மின்சாரத்தின்மீது ஐயங்கொள்ளலாம். நம் நாட்டு வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. மேசைக் கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளுக்கு மாற்றித் தருகிறது. அப்பெட்டி நாட்பட்டு நலிந்தால், கணினிக்குப் பளு ஏறும் நேரத்தில் மின்னழுத்தம் தடுமாறி வேலை நின்றுவிடும்.

மேசைக் கணினியைப் பல கருவிகள் செருகிய நீட்டுக் கம்பியிலிருந்து எடுத்து, சுவரிலுள்ள தனிச் செருகுவாயில் செருகிப் பார்க்க வேண்டும். மடிக்கணினியாயின், மின்னூட்டியைக் கழற்றி, மின்கலத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். மின்கலத்தில் ஓடி, மின்னூட்டியில் நின்றால் பழுது மின்னூட்டியிலோ வீட்டு மின்சாரத்திலோ உள்ளது. இடிமின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வானம் இருண்டவுடன் மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் நல்ல வழக்கம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறத்தல் கூடாது. மின்செருகியைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அதை அழுத்துவதோ குத்துவதோ தீயில் முடியும்.

நினைவகம்

நேரமும் இல்லை, ஒழுங்கும் இல்லை; திரையில் தோன்றும் பிழைச் செய்தியும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு. இந்நிலையில் ‘ரேம்’ எனப்படும் நினைவகத்தைச் சோதித்தல் வேண்டும். கணினி தான் செய்துகொண்டிருக்கும் வேலையை வைத்திருக்கும் இடம் அது. எழுத்தாயினும் எண்ணாயினும் அங்கே ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளாகவே இருக்கும். கோடிக்கணக்கான அக்குறிகளுள் ஒன்று தானே மாறிவிட்டாலும் கணக்குப் பிழைத்துவிடும். 1000 என்னும் எண்ணில் ஒரே ஒரு குறி மாறினால் அது 488 ஆகிவிடக்கூடும். சம்பளக் கணக்கில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கணினி நின்றுபோவது தொல்லையே. நிற்காமல் பிழையான எண்ணைச் சேமித்து வைப்பது அதனினும் கேடு.

இத்தகைய மாற்றங்கள் ஏன் நேர்கின்றன என்பதை அறிஞர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். 1978ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோத்தி மே, முர்ரே வுட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுகளைப் பொதிந்த பொருளில் கலந்திருந்த மிகச் சிறிதளவு கதிரியக்கமே குறிகளை மாற்றுகிறது என்று காட்டினர். இதனைப் படித்துவிட்டு, எல்லாம் கதிர்களின் செயல் என்று கைவிட்டுவிட வேண்டாம். கூகள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட நினைவக அட்டைகளில் பிழை காணப்பட்டது. அப்பிழைகளுள் பெரும்பாலானவை தற்செயலாக வந்து போனவை அல்ல. அட்டையிலேயே ஊன்றிய பழுதுகள் என்பதும் தெரியவந்தது. பழுது அட்டையில் இருக்குமானால், அதை மாற்றிக் குணப்படுத்தலாம் அன்றோ?

சோதிக்கும் முறை எளிது. விண்டோஸிலேயே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்னும் சோதனை நிரல் இருக்கிறது. ‘மெம்டெஸ்ட்86+’ என்பது பென்டிரைவிலிருந்து ஓடும் இலவச நிரல். இரவில் படுக்கும்முன் அதைத் தொடங்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம். ஒரு பிழை காட்டினாலும் பழுது உண்டு என்றே கொள்க. பிழை ஏதும் காட்டாவிடில் நினைவகம் நல்லது என்று எண்ண இடமுண்டு. ஆயினும் ஒரு சுற்றோடு நிறுத்தாமல் பல சுற்றுகள் ஓடவிட வேண்டும்.

மேசைக் கணினியில் இரண்டு அட்டைகள் இருந்தால், மின்செருகியைக் கழற்றி, உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின், ஓர் அட்டையை எடுத்துவிட்டுச் சோதிக்கலாம். அட்டையை வேறு துளையில் செருகினாலும் பிழை அதனுடனேயே சென்றால் அட்டை கெட்டது. எந்த அட்டையைச் செருகினாலும் அதே துளையில் பிழை வந்தால் துளை கெட்டது. சில வேளைகளில் அட்டையைக் கழற்றி, இறுகச் செருகுவதே போதுமானதாகிவிடும். மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பற்றுவைத்து ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கடைக்காரரிடமே விட வேண்டும்.

வட்டும் மூளையும்

கோப்பைத் திறக்க நெடுநேரம் ஆகிறது. சில கோப்புகள் திறப்பதே இல்லை. உள்ளே "டக், டக்" என்று ஓசை கேட்கிறது. இவை வன்தட்டு தேய்ந்துவருவதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் வேறு சோதனை எதுவும் செய்யாமல் முதலில் படியெடுக்க வேண்டும். சாகும் நிலையிலுள்ள வட்டை மீண்டும் மீண்டும் சோதிப்பது அதன் முடிவை விரைவுபடுத்தும். வட்டு தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் பதிவு உண்டு. இலவச நிரல்களைக் கொண்டு அதைப் படிக்கலாம். ஆனால் அதில் குறை தெரியாமலும் வட்டு கெடுவதுண்டு.

மூளையே பழுதாவது குறைவு, ஆயினும் இல்லாததன்று. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி மூளைகளைக் கொண்ட கணினிகளில் நிரல்கள் ஒழுங்கின்றி நின்றுபோயின. நினைவகம் போதவில்லை என்பன போன்ற திசைதிருப்பும் செய்திகள் திரையில் தோன்றவே, பலரும் வேறு பாகங்களைக் குறை கூறினர். மூளைக்கு அளவுமீறிய மின்னழுத்தம் செல்வதே காரணம் என்று 2024ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாத காலத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும். முன்பே கெட்டுவிட்ட மூளையைக் குணப்படுத்தாது.

பழைய கணினி வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வேகமான கணினி என்று விற்பதற்காக, மூளையை அதன் இயல்பான வேகத்திற்கு மேல் ஓடுமாறு அமைத்துவிடும் வழக்கம் உண்டு. வாங்கியவருக்கே அது தெரிந்திருப்பதில்லை. அமைப்பை இயல்பு நிலைக்குத் திருப்பினாலே அத்தகைய கணினிகள் நிற்காமல் ஓடக்கூடும்.

ஒன்றை மட்டும் மாற்றுக

இதுகாறும் கூறியவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

ஸ்டோரில் தொட்டிப் பால் நேரத்திற்கு முன்பே உறைந்துபோனால் என்ன செய்கிறோம்? எல்லா வாளிகளையும் எறிந்துவிடுவதில்லை. யாருடைய வாளி கழுவாதது, எந்த நிரையின் மங்குகள் அழுக்கானவை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணினியிலும் விசிறியைத் துடைத்து, நினைவகத்தை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் பதித்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிடில் செலவு மட்டுமே மிஞ்சும். ஒன்றை மாற்றுக, ஏட்டில் எழுதுக, சில நாள் பொறுத்துப் பார்க்க, பின்னர் அடுத்ததற்குச் செல்க. செலவில்லாதவற்றை முதலிலும், செலவு மிக்கவற்றை இறுதியிலும் செய்வதே அறிவுடைமை.

கடைக்குச் செல்லும்போது

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் செய்த பின்னும் பழுது நீங்காவிடில் கடைக்குச் செல்லத்தான் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு செல்லுதல் கூடாது, குறிப்பேட்டோடு செல்க. "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்பவரிடம் எதை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். "மின்கலத்தில் ஓடுகிறது, மின்னூட்டியில் நிற்கிறது, நினைவகச் சோதனை இரவு முழுவதும் ஓடிப் பிழை காட்டவில்லை" என்று சொல்பவரிடம் அவ்வாறு சொல்ல இயலாது. வேலை தொடங்குமுன் செலவை எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டுப் பெற வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஏமாற்றினால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைத் தொடுக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டுவதில்லை. அங்கேயும் நமக்குத் துணைநிற்பவை ரசீதும், நாளும் நேரமும் எழுதிய குறிப்பேடுமேயாம்.

தோட்டத் தோழர்களே, தாய்மார்களே! மரத்தில் பால் குறைந்தால் அதன் காரணத்தைப் பட்டையிலும் வேரிலும் தேடி அறிந்தவர்கள் நாம். அதே கண்ணும் அதே பொறுமையும் கணினிக்கும் போதும். இன்றே ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கணினியின் அருகில் வையுங்கள். அடுத்த முறை அது நிற்கும்போது, சலித்துக்கொள்ளுமுன் நேரத்தைப் பார்த்து அதில் எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதப் பழக்குங்கள். காரணத்தைத் தேடி அறியும் அப்பழக்கம் அவர்களுக்குக் கணினியோடு நின்றுவிடாது.